‘நோ இஷ்யூ’

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் அந்த டாக்டரம்மாவின் கிளினிக்கில் ஒரு மீன்தொட்டி இருந்தது. காத்திருக்கும் பெண்கள் எல்லோரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க அது வசதி. டெட்டால் வாசனைக்கு நடுவே யாரோ வைத்திருந்த மல்லிகைப்பூ மணத்துக்கொண்டிருந்தது.

என் பக்கத்தில் என் வீட்டுக்காரர் சண்முகம் உட்கார்ந்திருந்தார். கணபதியில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். மோட்டார் பம்புக்கு வேண்டிய உதிரி பாகங்களைக் கடைந்து கொடுப்பது தொழில். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். அன்றைக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போவது போல இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கைகளை மட்டும் என்ன தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. அதை மறைக்க விரல்களை மடக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு இளம் டாக்டர் பெண் முதலில் என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பெரிய டாக்டரம்மா வந்து உட்கார்ந்ததும் அவரிடம் மடமடவென்று ஆங்கிலத்தில் ஒப்பித்தாள்.

“மேரீடு சிக்ஸ் இயர்ஸ், மேடம். நோ இஷ்யூ.”

அதற்கு மேல் அவள் சொன்ன எதுவும் என் வீட்டுக்காரர் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மடக்கியிருந்த விரல்கள் தாமாகவே விரிந்தன.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது என் தோளைத் தொட்டுச் சொன்னார்.

“கேட்டியா அம்மணி? நோ இஷ்யூன்னு சொல்லிப்போட்டாங்க. நம்மளுக்குப் பிரச்சினையே இல்லையாமா!”

பலகைக்குக் கீழே

அந்தப் பெண் சொன்னதற்குப் பொருள் ‘கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை’ என்பதுதான். ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் ‘இஷ்யூ’ என்றால் பிள்ளை. எனக்கு அது தெரியும். நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். போதாததற்கு, பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரி லைப்ரரியில் எனக்கு வேலை. போன வாரம் இதே பகுதியில் அந்த வேலை கிடைத்த கதையை எழுதியிருந்தேன்.

அங்கே என் தலைக்கு மேல் ஒரு பலகை தொங்கும். நீல நிறத்தில் வெள்ளை எழுத்து: ‘இஷ்யூ’. பக்கத்து மேஜைக்கு மேல் ‘ரிட்டர்ன்’. புத்தகம் எடுத்துப் போகிறவர்கள் என்னிடம் வரவேண்டும், திருப்பித் தருகிறவர்கள் அடுத்த மேஜைக்குப் போகவேண்டும். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு என்பதை நினைத்தபடி ஒவ்வொரு நாளும் அதன் அடியில் போய் உட்காருவது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கோ அந்தச் சொல் வேறு வழியில் வந்து சேர்ந்திருந்தது. பம்பு கம்பெனிகளிலிருந்து சரக்கைச் சோதிக்க வரும் என்ஜினியர்கள் ‘இதுல குவாலிட்டி இஷ்யூ இருக்கு’ என்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் ‘நோ இஷ்யூ, சண்முகம்’ என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். பட்டறையில் அவர் கேட்க ஆசைப்படுகிற சொல்லே அதுதான்.

இன்றைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் காபி ஆறிப்போனாலும் ‘நோ இஷ்யூ’ என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு முன்பிருந்தே நல்ல சொல் ஒன்று இருந்தது. ‘போச்சாது.’ பரவாயில்லை, விட்டுத்தள்ளு என்று அர்த்தம். பால் பொங்கிக் கொட்டிவிட்டதா, போச்சாது. பஸ் போய்விட்டதா, போச்சாது. எல்லாவற்றுக்கும் அதைச் சொல்ல முடியாது என்பதை மட்டும் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டிருந்தோம்.

ஸ்கூட்டரில் அவர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். கல்யாணமானதிலிருந்து அவர் பாடி நான் கேட்டதில்லை. பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன். அந்தப் பாட்டை நடுவில் நிறுத்த எனக்கு வாய் வரவில்லை.

ஒப்புட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமையே அன்னூருக்குப் போனோம். அங்கே அவருடைய அக்கா பாப்பாத்தி இருந்தார். அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். ஊருக்கு வெளியே தோட்டத்து வீடு. வாசலில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது.

தம்பி சொன்னதைக் கேட்டதும் அக்கா கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

“டாக்டரே சொல்லிப்போட்டாங்களா கண்ணு?”

“ஆமாங்கக்கா. இங்கிலீசுல சொன்னாங்க. நானே கேட்டனுங்க.”

“அவிநாசியப்பன் கண்ணத் தொறந்துட்டான் சாமி!” என்று அக்கா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். உடனே பருப்பு வேகவைத்து வெல்லம் போட்டு ஒப்புட்டு தட்ட ஆரம்பித்துவிட்டார். ஒப்புட்டு என்பது நீங்கள் போளி என்று சொல்வதுதான். நெய்யை ஊற்றி ஊற்றி என் இலையில் வைத்தார்.

அக்கா கெட்டவர் இல்லை. ஆனால் அந்த ஆறு வருஷமும் அவர் பார்வையில் குறை என்னிடம்தான் இருந்தது. கசப்புக் கஷாயம் காய்ச்சி எனக்குத்தான் கொடுத்தனுப்புவார். விரதம் எனக்குத்தான். திங்கட்கிழமைகளில் அவிநாசிக் கோயிலுக்கு அழைத்துப்போய்ச் சுற்ற வைத்ததும் என்னைத்தான்.

அந்தக் கோயிலுக்கு ஒரு பழைய கதை உண்டு. முதலை விழுங்கிய ஒரு சிறுவன் சில வருஷம் கழித்து உயிரோடு திரும்பி வந்த ஊர் அது. வழிப்போக்கராக வந்த ஓர் அடியார், ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டு நின்று, விசாரித்து, குளக்கரைக்குப் போய்ப் பாடினார் என்பார்கள். அக்கா ஒவ்வொரு தடவையும் அந்தக் கதையை முழுதாகச் சொல்வார். எனக்கு ஒன்று மட்டும் மனதில் நின்றது. அந்தப் பையனுக்கும் அந்த அடியாருக்கும் எந்த உறவும் கிடையாது.

தண்ணீர் வந்த காலை

எனக்குப் பார்த்த சோதனைகளில் எல்லாம் சரியாக இருந்தது. அடுத்ததாக உங்கள் வீட்டுக்காரரை அனுப்புங்கள் என்றார் டாக்டரம்மா.

வீட்டில் சொன்னேன். அவர் சிரித்தார்.

“எனக்கெதுக்கு டெஸ்டு? அன்னிக்கே நோ இஷ்யூன்னு சொல்லியாச்சே.”

இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில். கடைசியில் ஒருநாள் விடிகாலை சிறுவாணித் தண்ணீர் வந்தது. தெருக்குழாயில் பிடித்து ஆளுக்கொரு குடமாக வீட்டுக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தோம். சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் கோயமுத்தூர்க்காரர்களுக்கு மனசு கொஞ்சம் லேசாக இருக்கும். சொல்வதாக இருந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“ஏனுங்க, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்க.”

“சொல்லு.”

“அன்னிக்கு அந்தப் புள்ள சொன்னது பிரச்சினை இல்லைன்னு இல்லீங்க. குழந்தை இல்லைன்னு சொன்னாங்க. இஷ்யூன்னா குழந்தைன்னு ஒரு அர்த்தம் இருக்குதுங்க.”

அவர் குடத்தைத் தோளிலிருந்து இறக்கினார். தண்ணீர் தளும்பி அவர் காலில் கொட்டியது.

“அன்னிக்கே தெரியுமா உனக்கு?”

“தெரியுமுங்க. நீங்க பாடிட்டு வந்தீங்க. அதான்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். குடத்தை மறுபடி தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“போச்சாது போ” என்றார். அடுப்படியில் தண்ணீரை ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளிருந்தே கேட்டார். “அந்த டெஸ்டு எங்கே எடுக்கறாங்கன்னு சொன்னே?”

பெரிய அகராதி

சோதனை முடிவு வரும் வரைக்கும் அவருக்கு இருப்பு கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், லைப்ரரியில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து நின்றார். மண்ணெண்ணெயும் சோப்பும் கலந்த வாசனை அவரோடு வந்தது.

“அந்த வார்த்தைக்கு இன்னும் என்னென்ன அர்த்தம் இருக்குதுன்னு பாக்கோணும்” என்றார்.

எங்கள் லைப்ரரியில் மர ஸ்டாண்டு மேல் விரித்தே வைத்திருக்கும் ஒரு பெரிய அகராதி இருந்தது. தூக்குவதற்கே இரண்டு கை வேண்டும். பக்கத்தைத் தேடிப் பிடித்து நான் படித்துப் படித்துச் சொன்னேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

மூலம் லத்தீன். ‘வெளியே போ’ என்பதுதான் வேர்ச்சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. சினிமாத் தியேட்டரில் கதவுக்கு மேல் சிவப்பாக எரியும் ‘எக்ஸிட்’ கூட அதே வேரிலிருந்து வந்த சொல்தான். முதலில் ‘இஷ்யூ’ என்றால் வெளியே வருவது. குழாயிலிருந்து வரும் தண்ணீர், காயத்திலிருந்து வரும் ரத்தம், சந்து வழியாக வெளிவரும் கூட்டம். பிறகு வயிற்றிலிருந்து வெளிவரும் பிள்ளை. அப்புறம் அச்சகத்திலிருந்து வெளிவரும் பத்திரிகை. நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்த வார இதழும் ஆங்கிலத்தில் ஓர் இஷ்யூதான். சர்க்கார் வெளியிடும் ரூபாய் நோட்டு, தபால்தலை, சிப்பாய்க்குக் கொடுக்கும் பூட்ஸ், நான் கொடுக்கும் புத்தகம், எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன.

“அப்பறம் பிரச்சினைங்கற அர்த்தம் எப்பிடி வந்துச்சு?” என்று கேட்டார்.

“கோர்ட்டு வழியா வந்திருக்குதுங்க. ரெண்டு கட்சிக்காரங்களும் அவங்கவங்க சொல்றதைச் சொல்லி முடிச்சதுக்கப்புறம், இதைத்தான் தீர்க்கோணும்னு வெளிய வந்து நிக்குமில்லீங்களா ஒரு விசயம், அது இஷ்யூ. அது தேஞ்சு தேஞ்சு இப்ப சும்மா பிரச்சினைன்னு ஆயிப்போச்சுங்க.”

“ஆக மொத்தம் எல்லாம் வெளிய வாரதுதான்.”

“ஆமாங்க.”

கொஞ்சநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் பாதி எழுத்து அவருக்குப் புரிந்திருக்காது.

“உள்ளே இருக்கறதுதானே வெளிய வரும்” என்றார், ரொம்ப மெதுவாக. முடிவு என்னவாக இருக்கும் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது போலிருந்தது.

அக்காவிடம் சொன்னது

டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவர். இருவரையும் உட்கார வைத்துத் தமிழிலேயே சொன்னார். குறை அவரிடம் இருந்தது. மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் நிறைய நம்பிக்கை வைக்க வேண்டாம்.

மருந்து சாப்பிட்டார். பத்தியம் இருந்தார். பலன் இல்லை. அந்த மாதங்களில் பட்டறையே கதி என்று கிடந்தார். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் படுத்து அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பொங்கலுக்கு அன்னூர் போயிருந்தோம். அக்கா வீட்டில் உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து, “டாக்டரம்மாவே பிரச்சினை இல்லைன்னு சொன்ன பொறகும் உனக்கு இன்னும் வயித்துல ஒண்ணும் நிக்கலியா?” என்று கேட்டாள். இன்னொருத்தி வேறொரு கஷாயம் சொல்ல ஆரம்பித்தாள்.

அவர் வாசலில் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றார்.

“அக்கா, எல்லாரும் இருக்கறப்பவே ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. கொறை எங்கிட்டத்தானுங்க. கோமதிகிட்ட ஒண்ணுமில்லீங்க.”

மொச்சை உரிக்கும் கைகள் எல்லாம் நின்றுவிட்டன. அக்கா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எதுக்கு சாமி நாலு பேர் முன்னால இதையெல்லாம் சொல்றே?”

“இத்தனை வருசமா நாலு பேர் முன்னாலதானுங்க இவளைச் சொன்னாங்க. இதையும் அவங்க முன்னாலயே சொல்றதுதானுங்க மொறை. இனிமே அவளுக்குக் கஷாயம் காச்சிக் குடுத்தனுப்ப வேண்டாமுங்க.”

நான் குனிந்து மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர் நின்று, எந்தத் தோல் எந்தப் பருப்பு என்று தெரியவில்லை. ஓர் ஆண்பிள்ளை, அதுவும் எங்கள் பக்கத்தில், அந்தக் காலத்தில், அப்படி எழுந்து நின்று சொன்னதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவரை எனக்குப் பார்த்து முடித்து வைத்தது பெரியவர்கள். நானாக அவரைத் தேர்ந்தெடுத்தது அன்றைக்குத்தான்.

கடைசித் தடவை

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான்தான் கேட்டேன்.

“ஏனுங்க, நாம ஒரு குழந்தையை எடுத்து வளத்தலாமுங்களா?”

இப்போது யோசித்தால், அந்த முதலை விழுங்கிய கதைதான் எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். சரவணம்பட்டி தாண்டியதும் திரும்பினார். “பொண்ணாப் பாக்கலாம்” என்றார்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் நேரில் கிளம்பி வந்துவிட்டார். “யாரு பெத்ததோ, எந்தச் சனமோ! நம்ம ஊட்டுச் சாமி கும்படற எடத்துல கொண்டாந்து வெப்பீங்களா?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பதிலுக்குச் சண்டை போடவில்லை. “நாங்க முடிவு பண்ணிப்போட்டமுங்க” என்று மட்டும் சொன்னார். அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். போகும்போது, “அந்தப் புள்ள வந்தப்பறம் நான் உன்ற ஊட்டு வாசல மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தைகள் இல்லத்தில் நாங்கள் முதன்முதலாக மலரைப் பார்த்தபோது அவள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். அவருடைய கையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு, நகக்கண்ணில் இருந்த கறுப்பைத் தன் குட்டி விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். அப்போதும் போகவில்லை. அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

அப்புறம் அலைச்சல், விசாரணை, காத்திருப்பு. ஒருவழியாகக் கோர்ட்டில் கூப்பிட்டார்கள். எங்கள் வக்கீல் எழுந்து நீதிபதியிடம் எங்களைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னார். வேறெதுவும் அவருக்குப் புரியாவிட்டாலும் ஒன்று இருவருக்குமே தெளிவாகக் கேட்டது. “தே ஹேவ் நோ இஷ்யூ.”

என் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னார்.

“கேட்டுக்க அம்மணி. நம்மளை இப்பிடிச் சொல்றது இதுதான் கடைசித் தடவை.”

கோர்ட்டில் சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அன்னூரில்

மலர் வீட்டுக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அக்காவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர், “நம்ம ஊருக்குத் தூக்கிட்டுப் போலாம். அக்கா பாத்தாப் பாக்கட்டும், இல்லாட்டித் திரும்பி வந்தர்லாம்” என்றார். எனக்கு உள்ளூரப் பயம். அவரைத் திருப்பி அனுப்பினால் தாங்குவார். கையில் குழந்தையோடு அந்த வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வர என்னால்தான் முடியாது.

கிளம்பும்போது நல்ல குளிர். இல்லத்திலிருந்த சிஸ்டர் தன் கையால் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையை மலருக்குப் போட்டுவிட்டேன். பஸ்ஸில் கூட்டம். கோவில்பாளையம் வரும்போதே வெயில் ஏறிவிட்டது. அன்னூரில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தபோது குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. நான் தோளில் போட்டேன். அவர் வாங்கிக் காக்காயைக் காட்டிவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். எதற்கும் நிற்கவில்லை.

அழுகைச் சத்தம் எங்களுக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நாங்கள் போகும்போது அக்கா வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு கை. வாங்க என்று சொல்லவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“வந்தமுங்க அக்கா” என்றார் அவர்.

அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மூச்சுப் பிடித்து அழுதது. முகம் சிவந்து, நெற்றியில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. திடீரென்று அக்கா இரண்டு எட்டு வைத்து வந்து, என் கையிலிருந்து அவளைப் பிடுங்காத குறையாக வாங்கினார். அந்த வாசலிலேயே சட்டைப் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

“ஏம்புள்ள கோமதி, உனக்கு அறிவு கிறிவு இருக்குதா? இந்த வெயில்ல கொளந்தைக்குக் கம்பளியப் போட்டுச் சுருட்டித் தூக்கிட்டு வந்திருக்கறயே! பாரு, முதுகு பூராவும் வேர்க்குரு. கொளந்தைய வளத்தற லட்சணமா இது? பொஸ்தகம் படிச்சா மட்டும் போதுமா?”

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீ சும்மாயிரு” என்று அவருக்கும் ஒன்று விழுந்தது. அக்கா தன் முந்தானையால் குழந்தையின் முதுகைத் துடைத்து, வாயால் ஊதினார். மலர் அழுகையை நிறுத்திவிட்டு, யார் இது என்பது போல அந்தப் புது முகத்தைப் பார்த்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அக்கா எனக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறார். புத்திமதி, பரிகாரம், பத்தியம். பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று மட்டும் ஒருநாளும் திட்டியதில்லை. திட்ட வழியில்லாமல் இருந்தது. நான் அந்த வெயிலில் வாயைத் திறக்காமல் நின்று, அத்தனை திட்டையும் ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டேன்.

“நின்னுட்டு என்ன வேடிக்கை பாக்கறே? பொறத்தால பொடக்காலில அண்டாவுல தண்ணி இருக்குது, கொளந்தைக்கு ஊத்த மொண்டுட்டு வா.”

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு ஓடினேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் துரத்திக்கொண்டே வந்தது.

“பச்சைத் தண்ணியக் கொண்டாந்துறாதே! அடுப்புல சுடுதண்ணி இருக்குது, கலந்து வெளாவிக் கொண்டா!”